இடமும் வலமும்



சாலை விதிகள் சட்ட நூலில் ஒரு சிறு அத்தியாயந்தான். ஆயினும், மனிதன் நாள்தோறும், நிமிடந்தோறும் கடைப்பிடிக்க வேண்டிய சட்டம் அதைப் போல் வேறொன்றில்லை. ஒருவர் தம் ஆயுள் முழுவதும் நீதிமன்றத்தின் வாசற்படியை மிதிக்காமலே காலம் கழித்துவிடலாம். வீதியை மிதிக்காமல் ஒரு நாள்கூடக் கழிக்க இயலாது. அந்த வீதியின் முறைகள் ஒரு நாட்டுக்கும் மற்றொரு நாட்டுக்கும் எவ்வாறு வேறுபடுகின்றன, அவ்வேறுபாட்டை அறியாமையால் என்ன தீங்கு விளையும், அறிந்தால் எவ்வாறு அதைத் தவிர்க்கலாம் என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம். இரண்டு நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று நம் பாரத நாடு. மற்றொன்று நம்மவர் பல லட்சம் பேர் உழைத்து வாழும் ஐக்கிய அரபு எமிரேட்டுகள்.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்குக் கரமனை தக்க இடம். திருவனந்தபுரம் நகரில் கிள்ளிப்பாலத்தைக் கடந்து தென்கிழக்கே சென்றால், தன் பெயரையே ஆற்றுக்கும் கொடுத்துள்ள இவ்வூர் வருகிறது. அக்கிரகாரத் தெருக்களில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. கடைத்தெருவில் மலையாளம் ஒலிக்கிறது. ஊரின் நடுவே ஓடுவது, நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, இச்சாலையின் தென்பகுதி தமிழகத்துடன் சேர்ந்தது. அதனால் களியக்காவிளையில் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. பேருந்தின் நிறம் மாறுகிறது. ஆனால் வண்டி செல்லும் பக்கம் மாறுவதில்லை. இதே கரமனையிலிருந்து மேற்கே சிறிது தொலைவில், கடலோரத்தில், விமான நிலையம் இருக்கிறது. அங்கே ஏறி நான்கு மணி நேரம் பறந்தால் துபாய். அங்கே இறங்கிய கணத்தில் எல்லாம் பக்கம் மாறிவிடுகின்றன.

தமிழர் கடல் கடந்து சென்றது புதிய செய்தியன்று. இலங்கைக்குச் சென்றார்கள், மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றார்கள், மொரீஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிஜித் தீவுகளுக்கும் சென்றார்கள். இவையனைத்தும் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தவை. இங்கிலாந்தில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்ல வேண்டும் என்ற வழக்கத்தை 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் உறுதி செய்தது. அவர்கள் கொடி சென்ற இடங்கள் பெரும்பாலானவற்றுக்கு அவ்வழக்கமும் உடன் சென்றது. ஆகவே, தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்த நம்மவருக்கு உணவு மாறிற்று, உடை மாறிற்று, மொழியும் ஓரளவு மாறிற்று. சாலையில் பக்கம் மட்டும் மாறவில்லை. பெருந்திரளாகச் சென்ற நம்மவரைப் பக்கம் மாறச் செய்தது, 1970-களில் பெருகிய வளைகுடாப் பயணமேயாகும்.

பக்கம் என்பது இயற்கையின் நியதியன்று. மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடே. அதனால்தான் சில நாடுகள் அதை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. ஆங்கிலேயரின் செல்வாக்கிலிருந்த பஹ்ரைன், அண்டை நாடுகளை ஒட்டி 1967-இல் வலப்பக்கத்துக்கு மாறிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்வீடன் ஒரே நாளில் இடமிருந்து வலத்துக்கு மாறியது. பர்மா 1970-இல் மாறியது. ஸமோவா தீவோ 2009-இல் வலமிருந்து இடத்துக்கு மாறியது.

ஸ்வீடனின் அனுபவத்தில் நமக்கொரு பாடம் இருக்கிறது. மாற்றத்துக்குப் பின் விபத்துகள் பெருகும் என்று பலர் அஞ்சினர். நடந்ததோ வேறு. தொடக்க காலத்தில் விபத்துகள் குறைந்தன. ஒவ்வொருவரும் விழிப்போடு ஓட்டியதே காரணம். பின்னர்ப் பழக்கம் ஏற்பட்டு, விழிப்புத் தளர்ந்தபோது, எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பிற்று. புதுமையால் வரும் ஆபத்தைக் காட்டிலும், புதுமையை மறந்துவிடுவதால் வரும் ஆபத்தே பெரிது என்பதை இது காட்டுகிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் நிதானிக்கிறார். ஐந்தாம் நாள், விடியற்காலையில், ஆளரவமற்ற தெருவில், ஏதோ நினைவாக வண்டியை எடுக்கும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போய்விடுகிறது. எதிரே வண்டிகள் இருந்தால் அவையே வழிகாட்டும். வெறுஞ்சாலையில் வழிகாட்ட எவருமில்லை. பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளிவரும்போதும், வீட்டுச் சந்திலிருந்து பெருஞ்சாலையில் திரும்பும்போதும் இத்தவறு நேர்வது எளிது.

இனி வண்டிக்குள் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். நம் நாட்டில் ஸ்டியரிங் சக்கரம் வண்டியின் வலப்புறத்தில் இருக்கிறது. வளைகுடாவில் இடப்புறத்தில் இருக்கிறது. இங்கே கியரை இடக்கையால் மாற்றுகிறோம், அங்கே வலக்கையால். ஆனால் காலடியில் உள்ள மிதிகளின் வரிசை இரு நாட்டிலும் ஒன்றே: வலக்கோடியில் வேகமிதி, அடுத்தது பிரேக், கிளச் உள்ள வண்டியானால் இடக்கோடியில் கிளச். நம் நாட்டில் ஓடும் கார்கள் பெரும்பாலானவற்றில் திசைகாட்டும் இண்டிகேட்டர் விசை ஸ்டியரிங்கின் வலப்பக்கத்திலும், கண்ணாடி துடைக்கும் வைப்பரின் விசை இடப்பக்கத்திலும் உள்ளன. அங்கே ஓடும் கார்களில் இவை இடம் மாறியிருக்கும். ஆதலால், கரமனைச் சந்திப்பில் வெயில் கொளுத்தும் வேளையில், திரும்பப்போகும் கார் ஒன்றில் வைப்பர் ஆடக் கண்டால், ஓட்டுபவர் வளைகுடாவிலிருந்து அண்மையில் வந்தவர் என்று ஊகித்துக்கொள்ளலாம். இது நகைப்புக்குரியதாகத் தோன்றினாலும், பின்னால் வருபவருக்கு அடையாளம் கிடைக்கவில்லை என்பது நகைப்புக்குரியதன்று.

இத்தனை மாற்றங்களுக்கும் இடையே மாறாத ஒன்று உண்டு. அதை நினைவில் நிறுத்தினால் போதும். முறைப்படி அமைந்த வண்டியில், எந்த நாடாயினும், ஓட்டுபவரின் தோள் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் தோள் சாலையோரத்தை ஒட்டியிருக்கும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு முந்துவதற்கு வசதியாகவே இவ்வாறு அமைத்துள்ளனர். "நடுக்கோடு என் பக்கம், ஓரம் துணைவர் பக்கம்" என்று வண்டியில் ஏறியவுடன் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம்.

ரவுண்டானாவுக்கு நம்மிடம் இதைவிட அழகிய அடையாளம் இருக்கிறது. கோயிலில் நாம் வலம் வருகிறோம். அதாவது சன்னிதி எப்போதும் நம் வலக்கை பக்கம் இருக்கும்படி சுற்றுகிறோம். நம் நாட்டு ரவுண்டானாவும் அப்படித்தான்: நடுத்திட்டு ஓட்டுபவரின் வலப்பக்கம் இருக்க, வண்டி பிரதட்சிணமாகச் செல்கிறது. வளைகுடாவிலோ நடுத்திட்டு இடப்பக்கம் இருக்க, வண்டி அப்பிரதட்சிணமாகச் செல்ல வேண்டும். நுழையுமுன், உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொது. அவ்வண்டி இங்கே வலப்புறமிருந்தும், அங்கே இடப்புறமிருந்தும் வரும். நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. ஆயினும், முதலில் மூக்கை நுழைத்தவருக்கே முதல் உரிமை என்ற வழக்கந்தான் நம் வீதிகளில் கோலோச்சுகிறது.

வண்டி ஓட்டுபவரைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. மகனையோ மகளையோ காண வளைகுடாவுக்குச் சென்று சில மாதங்கள் தங்கிவரும் பெரியவர்கள் பலர். அவர்கள் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் சாலையைக் கடக்கிறார்கள். அறுபது எழுபது ஆண்டுகளாக, வீதியில் கால் வைக்குமுன் முதலில் வலப்பக்கம் நோக்கிப் பழகிய கழுத்து அவர்களுடையது. அங்கே முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். வண்டி வராத பக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, வரும் பக்கத்தைப் பாராமலே அடியெடுத்து வைப்பதினும் பெரிய ஆபத்து ஏது? பிள்ளைகள் அழைத்துச் செல்லும் முதல் நாளே இதைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மேலும், குறிக்கப்படாத இடத்தில் சாலையைக் கடப்பது அங்கே குற்றம். அதற்கு 400 திர்ஹம் அபராதம் என்பது நெடுங்கால விதி. 2025 மார்ச் 29-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய போக்குவரத்துச் சட்டம், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலைகளை நடந்து கடப்பதையே தடுத்துவிட்டது.

சட்டத்தில் எழுதாத வழக்கங்களும் உண்டு. அவற்றில் ஒளியும் ஒலியும் முதன்மையானவை. நம் நாட்டில் எதிரே வரும் வண்டி முகவிளக்கை மின்னினால், "நான் வருகிறேன், நீ நில்" என்பது பொருள். வளைகுடாவின் விரைவுச் சாலையில், இடக்கோடித் தடத்தில் பின்னால் வரும் வண்டி மின்னினால், "நான் விரைகிறேன், நீ வலப்பக்கம் ஒதுங்கு" என்று பொருள். அங்கே வேகம் குறைந்த வண்டியும் சுமை லாரியும் வலப்பக்கத் தடத்தில்தான் செல்ல வேண்டும். நம் நான்குவழிச் சாலைகளிலோ, முந்துவதற்கென்று விடப்பட்ட வலத்தடத்தில் லாரிகள் நிதானமாக ஊர்வதையும், மற்றவர்கள் இடப்பக்கமாக முந்துவதையும் காண்கிறோம்.

ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீதிகளில் அது வணக்கம், எச்சரிக்கை, கோபம், கெஞ்சல் ஆகிய அனைத்துக்கும் உரிய ஒரே சொல். ஒலி எழுப்புமாறு லாரிகளின் பின்புறத்தில் எழுதி வைப்பதே நம் வழக்கம். அங்கே ஹாரன் அபாயத்தைத் தவிர்ப்பதற்கு மட்டுமே. இங்கிருந்து செல்லும் ஓட்டுநர் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் இது. அங்கிருந்து வருபவரோ, வளைவுகள் நிறைந்த நம் குறுகிய சந்துகளில், ஒலி எழுப்பாமலே திரும்புவது ஆபத்து என்பதை மீண்டும் கற்க வேண்டியவராகிறார்.

இவ்வேறுபாடுகளின் அடியில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாலை யாருக்கு உரியது என்ற கேள்விக்கு இரு நாடுகளும் தரும் விடை ஒன்றன்று. கரமனைச் சாலையையே பாருங்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் இச்சாலை வழியாகத்தான் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். மாநில எல்லையில் இருபுறத்துக் காவலரும் மரியாதை செய்ய, யானை முன்னே செல்ல, லாரியும் பேருந்தும் ஒதுங்கி நிற்கின்றன. அருகிலுள்ள ஆற்றுக்கால் பகவதி கோயிலின் பொங்காலை நாளில் பல கிலோமீட்டர் தூரம் வீதிகளே அடுப்பங்கரைகளாகிவிடுகின்றன. பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதற்காக, ஆண்டுக்கு இருமுறை விமான நிலையத்தின் ஓடுபாதையே மூடப்படுகிறது. விமானமும் வழிவிடும் ஊர் இது! இங்கே சாலை, ஊராரின் பொதுச் சொத்து. வண்டிகள் அதில் ஒரு பங்காளி. வளைகுடாவின் பெருஞ்சாலைகளோ பாலைவெளியில் வண்டிகளுக்கென்றே போடப்பட்டவை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்வதற்காக இதைக் கூறவில்லை. பங்காளிகள் பலர் உள்ள சாலையில் ஓட்டுபவர், எந்த நொடியிலும் எவரும் குறுக்கிடக்கூடும் என்று எதிர்பார்த்தே செல்ல வேண்டும். அங்கே பழகிய வேகத்தை அப்படியே இங்கே கொண்டுவரலாகாது.

உயிரிழப்புக் கணக்கைப் பார்த்தால் நெஞ்சம் நடுங்குகிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர் 1,68,491 பேர். கேரளத்தில் மட்டும் அவ்வாண்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். எமிரேட்டுகளில் 2023-இல் இறந்தவர் ஏறத்தாழ 350 பேர். மக்கள்தொகை வேறுபாட்டைக் கணக்கிட்ட பின்பும், லட்சம் பேருக்கு இங்கே பன்னிரண்டு, அங்கே மூன்று நான்கு என்ற அளவில் நிற்கிறது. இதற்குக் காரணம் சட்டத்தின் கடுமை மட்டுமன்று. 2022-இல் நம் நாட்டில் மாண்டவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். ஏறக்குறைய இருபது பேர் நடந்து சென்றவர்கள். இரும்புக் கூட்டுக்குள் இல்லாதவர்களே இங்கே மிகுதியாக வீதியில் இருக்கிறார்கள்.

ஆயினும் சட்டத்துக்கும் பங்குண்டு. அங்கே சிவப்பு விளக்கை மீறினால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளிகள், முப்பது நாள் வண்டி பறிமுதல். இருபத்துநான்கு புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். மது அருந்தி ஓட்டுவதில் அங்கே சிறிதளவும் சலுகையில்லை. நம் சட்டமோ நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்கிறது. நம் அபராதங்களும் 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின் சிறியவை அல்ல. வேறுபாடு தொகையில் இல்லை; தப்ப முடியுமா என்ற எண்ணத்தில்தான் இருக்கிறது. ஒரே மனிதர் துபாயில் பின்னிருக்கையிலும் பட்டை அணிகிறார். கரமனையில் முன்னிருக்கையிலும் அணிய மறக்கிறார். விமானத்தில் நான்கு மணி நேரத்தில் அவருடைய குணம் மாறிவிட்டதென்று கொள்ள இயலாது. கண்காணிப்பு மாறியது, நடத்தையும் மாறிற்று. 2023 ஜூன் மாதம் முதல் கேரளத்தில் காமிராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியிருப்பது இந்த உண்மையை உணர்ந்துதான்.

எல்லாவற்றினும் கனமான வேறுபாடு, ஓர் உயிர் போன பின் வருகிறது. எமிரேட்டுகளில், கவனக்குறைவால் ஒருவர் இறக்க நேர்ந்தால், ஓட்டியவர் தண்டனைக்கு உள்ளாவதோடு, இறந்தவர் குடும்பத்துக்கு 'தியா' என்னும் உயிரீட்டுத் தொகையும் உண்டு. அது 2 லட்சம் திர்ஹம். பல ஓட்டுநர்களின் ஆண்டுக்கணக்கான ஊதியம். முறையான காப்பீடு இருந்தால் நிறுவனம் அதைச் செலுத்தும். தகுந்த லைசென்ஸ் இன்றி ஓட்டியிருந்தாலோ, குடித்திருந்தாலோ, அந்தத் தொகை ஓட்டுநர் தலையிலேயே விழக்கூடும். "ஒரு நடை வண்டியை எடுத்துப்போய் வா" என்று முதலாளி சொல்லும்போது, தனக்கு உரிமம் இல்லாத வகை வண்டியானால் மறுக்கத் துணிவு வேண்டும். அந்த ஒரு நடை, ஊரில் கட்டத் தொடங்கிய வீட்டையும், தங்கையின் திருமணத்தையும், சில வேளை பல ஆண்டுச் சுதந்திரத்தையும் விழுங்கிவிடக்கூடும். நம் நாட்டில் இழப்பீட்டை விபத்துத் தீர்ப்பாயம் இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டு முடிவு செய்கிறது. குற்ற வழக்குத் தனியே நடக்கிறது.

அடிபட்டவருக்கு உதவுவதிலும் வழக்கம் வேறு. கேரளத்தில் விபத்து நேர்ந்தால் ஊரார் ஓடிவந்து, கிடைத்த ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைகின்றனர். அவ்வாறு உதவுபவரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஏற்ற நெறிமுறைகளும், 2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும் பாதுகாப்பு அளிக்கின்றன. எமிரேட்டுகளில் வேடிக்கை பார்க்கக் கூடுவதற்கே 1,000 திர்ஹம் அபராதம் உண்டு. காவலுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998 என்ற எண்களை அழைத்துவிட்டு, பயிற்சி பெற்றவர் வரும்வரை அடிபட்டவரை அசைக்காமல் காப்பதே முறை. இங்கே 112, 108 என்ற எண்கள் உள்ளன. நம்மவரின் இரக்கமும், அவர்களின் ஒழுங்கும் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு உயிர்கள் பிழைக்கும்!

முடிவாகச் சில நடைமுறைக் குறிப்புகள். நம் நாட்டு லைசென்ஸ், எமிரேட்டுகளில் குடியிருப்பு அனுமதி பெற்றவருக்குப் போதாது. அங்கே தேர்வெழுதி, ஓட்டிக் காட்டி, அந்நாட்டு லைசென்ஸ் பெற வேண்டும். இங்கே வழங்கும் சர்வதேச அனுமதிச் சீட்டு ஓராண்டுக்கே செல்லும். வெளிநாட்டில் இருக்கையில் இங்குள்ள லைசென்ஸ் காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலாவதியாகி ஓராண்டு கடந்தால் மீண்டும் தேர்வில் வெல்ல வேண்டும். விமானத்தில் இரவெல்லாம் விழித்துவந்த அன்றே, வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோ நீண்ட பயணம் புறப்பட வேண்டாம். முதல் இரண்டு நாட்கள் பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் "இடம்" என்று அவர் நினைவூட்டும்படி செய்யுங்கள். இது வெட்கப்பட வேண்டிய செயலன்று.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறலாம். இடம் வலமாகலாம், வலம் இடமாகலாம். எதிரே வருபவரும் தம் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டியவர் என்ற எண்ணம் மட்டும் எல்லாச் சாலைக்கும் பொது. அவ்வெண்ணம் உள்ளவருக்கு எந்த நாட்டின் விதியும் கற்பதற்குக் கடினமாக இராது.